கீழிருந்து ஏறிய பாடம்

"ஏழு பட்டதாரிங்க மூணு மாசமா முட்டிக்கினு கெடந்தத, ஒம்போது மத்தியானத்துல நான் ஒருத்தியே முடிச்சிட்டேன் சார்" என்றாள் பெரியநாயகி. சொல்லிக்கொண்டே துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். "கால தூக்குங்க."

முனிரத்தினம் காலைத் தூக்கினாரே தவிர ஒரு சொல்லையும் நம்பவில்லை.

நம்புவது அவர் வம்சத்திலேயே கிடையாது. கோயிலில் விபூதி கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் பூசுவார். டீ டம்ளரில் ஓட்டை இருக்குமோ என்று அடியைத் திருப்பிப் பார்த்தே மூன்று வேட்டிகளைப் பாழாக்கியவர். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்த அந்த ஆபீசுக்கு அவர்தான் மேற்பார்வை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் வேலைக்குச் சேருகிறவர்கள் செல்போனில் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பாடங்களை அங்கே செய்தார்கள். படத்தைத் தொட்டால் பாடம் பதில் சொல்லும். தப்பாகத் தொட்டால் திருத்தும். அதைச் செய்கிற மென்பொருள் இலவசம். யாரும் இறக்கிக்கொள்ளலாம், பிரித்தும் பார்க்கலாம், தமிழிலும் உண்டு. முனிரத்தினத்துக்கு அதிலேயே சந்தேகம். "சும்மா குடுக்கறான்னா பின்னால இன்னாவோ இருக்குது" என்று முதல் ஒரு மாதம் அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் பக்கத்திலேயே போகவில்லை.

தகராறு ஒரே ஒரு பாடத்தால் வந்தது. கழிவறை கழுவும் பெண்களுக்கான பாடம். பட்டதாரிகள் நாற்பத்திரண்டு பக்கம் எழுத்தாக எழுதி அனுப்பினார்கள். அந்தப் பெண்கள் இரண்டு பக்கம் தள்ளிவிட்டு போனை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். பிறகு எங்கிருந்தோ பதினோரே பக்கத்தில் இன்னொரு பாடம் போனது. ஒரு வாளி, நாலு பாட்டில். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் போட்டால் புகை கிளம்பும்; ஒரு பெண் குடல் வாய்க்கு வருகிற மாதிரி இருமுவாள். கம்பெனியிலிருந்து போன் வந்தது: செய்தவருக்கு நிரந்தர வேலை, இன்னும் இருபது பாடம், வியாழக்கிழமை நேரில் வருகிறோம்.

"நான்தான் செஞ்சேன்" என்றான் பாலாஜி. அவன் முதலாளி வெங்கடேசனின் அக்கா மகன். மூலைக் கம்ப்யூட்டரில் இருந்த அதைக் கம்பெனிக்கு அனுப்பியவன் அவன்தான். "நான்தான்" என்றாள் பெருக்கித் துடைக்கும் பெரியநாயகியும்.

"இந்தா பாரும்மா" என்றார் முனிரத்தினம். "நாங்க சாப்டப் போற நேரத்துல வெளியாள் எவனயாவது உள்ள வுட்டியா?"

"வுட்டேன் சார். உங்க நெழலு ஒண்ணு வந்துக்கினே இருந்துச்சி, அதான்."

"நக்கலு வேணாம். பொய்யுன்னு தெரிஞ்சிது, அன்னிக்கே கணக்கு முடிச்சி அனுப்பிடுவேன்."

"நெசம்னு தெரிஞ்சா?"

அந்த யோசனையே அவருக்கு வந்திருக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் சாப்பிடப் போகவில்லை. மூலைக் கம்ப்யூட்டரில் அந்தப் பாடத்தைத் திறந்தார். பக்கங்களின் பட்டியல் தலைகீழாக இருந்தது. கடைசிப் பக்கம் உச்சியில், முதல் பக்கம் அடியில். பாடம் அடியில் தொடங்கி, படிப்படியாக மேலே ஏறிப்போயிற்று. பட்டியலைப் போனில் படம் பிடித்துக்கொண்டு பாலாஜியிடம் போனார்.

"ஏம்பா, ஏன் இப்டி தலகீழா வெச்சிருக்க?"

பாலாஜி தலையைச் சொறிந்தான். "அது ஒரு ஸ்டைல் சார்."

பெரியநாயகி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்ய, தப்பா சார்? பட்டுத்தறி டிசைன் அட்டைக்கு ஓட்ட போடறவங்க, கட்டம் போட்ட கிராப் பேப்பர கீழர்ந்துதான படிப்போம். தறியில சேல கீழர்ந்துதான ஏறுது. பத்தொம்போது வருசம் பட்டறையில அதத்தான செஞ்சேன், ஓட்ட போடற மெஷின் வர்ற வரைக்கும். ஓட்ட இருந்தா இழ ஏறும், இல்லன்னா ஏறாது. இங்கயும் அதே கததான். இதத் தொட்டா இந்தப் பக்கம் போ, அதத் தொட்டா அந்தப் பக்கம் போ."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"பெருக்கறவ எதிர்ல யாரு சார் எத மறைக்கறாங்க? பாத்துக்கினே இருந்தேன்."

முனிரத்தினத்துக்கு அதுவும் போதவில்லை. கதவைச் சாத்தி அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். "ஈரத் தரையில வழுக்கி விழறது. இப்ப, என் எதிர்ல செய்யி." சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரலால் அவள் மவுசை நகர்த்தினாள். அவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் பார்த்தார். நாற்பது நிமிஷத்தில் நாலு பக்கம் முடிந்திருந்தது, அடியிலிருந்து மேலாக. தப்பான இடத்தைத் தொட்டுப் பார்த்தார். 'ஐயோ, இடுப்பு போச்சே' என்று அவள் குரலிலேயே அலறியது. முனிரத்தினம் அரை அடி பின்னால் குதித்தார்.

சாயங்காலம் முதலாளியிடம் போனில் சொன்னார். வெங்கடேசன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "பெருக்கற அம்மா செஞ்சதுன்னு தெரிஞ்சா அடுத்த ஆர்டர் குடுப்பானா? நம்ம படிச்ச பசங்கள ஒருத்தனாவது மதிப்பானா? பாலாஜின்னே சொல்லு. உனக்கும் அறுவத்திரெண்டு ஆச்சி, நானாப் பாத்துத்தான் வெச்சிருக்கறேன்."

வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து துர்கா மேடம் வந்தார். பட்டதாரிகள் ஏழு பேரும் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார்கள். "அந்த இருமல் இருக்குதே சார், எங்க பொண்ணுங்க அதக் கேட்டப்புறம் பிளீச்சிங்க ஆசிட்டோட கலக்கறதுக்கே பயப்படறாங்க. யாரு செஞ்சது?" என்று முனிரத்தினத்தைத்தான் கேட்டார்.

தட்டில் டீயோடு பெரியநாயகி வாசலில் வந்து நின்றாள். புதுப் புடவை. தலையில் பூ.

முனிரத்தினம் தன் டம்ளரை எடுத்து, திருப்பிப் பார்க்காமல், ஒரே மடக்காகக் குடித்தார். நாக்கு வெந்தது. "பாலாஜி" என்றார்.

பாலாஜிக்கு மாலை போட்டுச் சால்வை போர்த்தினார்கள். படம் எடுத்தார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, தட்டு படத்துல விழுது" என்று யாரோ சொன்னார்கள். அவள் தள்ளி நின்றாள்.

கார் கிளம்பிய பிறகு முனிரத்தினத்தைத் தவிர எல்லோரும் ஓட்டலுக்குப் போனார்கள். பெரியநாயகி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாலையிலிருந்து உதிர்ந்த பூக்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மூலைக் கம்ப்யூட்டரில் பாலாஜி அடுத்த பாடத்தைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தான். வெறும் பக்கம்.

முனிரத்தினம் எழுந்தார். மாடிப்படியை எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அவளருகே வந்து, தன் காதுக்கே எட்டாத குரலில் சொன்னார்:

"நீதாம்மா செஞ்ச. என் கண்ணால பாத்தேன்."