முப்பத்து நான்கு மீட்டர் நீர்வீழ்ச்சி

புத்தகத்தின் பெயர் ‘நம் மாநிலத்தில் பார்த்தே தீர வேண்டிய நூற்றிருபது இடங்கள்’. எழுதியவர் பெரியவளின் தங்கை கணவர். அந்த நூற்றிருபதில் அவர் காலால் மிதித்தது ஒன்பது. அதிலும் இரண்டில் காரை விட்டு இறங்கவில்லை. பெரியவளுக்கு இது நன்றாகத் தெரியும். நிலத்தடி நீர் அளக்கும் அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். ஜீப்பிலும் லாரியிலும் பஸ் படிக்கட்டிலும் தொற்றிக்கொண்டு மாநிலத்தின் மூலை முடுக்கெல்லாம் போய், கிணறு கிணறாக அளவு நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே கிடக்கிறது என்று குறித்துக்கொண்டு வந்தவள். குடும்பத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘கிணறு’. வைத்த புண்ணியவான் இதே மாப்பிள்ளைதான்.

அந்தப் புண்ணியவான் இப்போது அவள் வீட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, ரெண்டாம் பதிப்பு வருது. ‘நேரில் சென்று சரிபார்த்தவர்’னு கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து வேணும்னு பதிப்பாளர் ஒத்தைக் கால்ல நிக்கறாரு. ஊர் ஊரா சுத்தினவங்க நம்ம குடும்பத்துல உங்களைத் தவிர யார் இருக்கா?”

“ஏன், எழுதினவரே சுத்தியிருப்பாரே.”

“கிண்டல் பண்றீங்க.”

“கிண்டல் இல்ல மாப்பிள்ளை, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்.”

“போட்டுக் குடுத்துடேன்கா,” என்றாள் கூடவே வந்திருந்த தங்கை, சின்னவள். “உனக்கென்ன இப்ப வேலை கிடக்கு?”

விஷயம் இதுதான். யாரோ ஒரு வாசகர் ‘போனோம், பார்த்தோம், ஒன்றும் இல்லை’ என்று மூன்று பக்கக் கடிதம் எழுதிவிட்டார். பதிப்பாளர் உஷாராகிவிட்டார். கையெழுத்து இல்லையென்றால் பதிப்பு இல்லை.

பெரியவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்புப் பேனாவை எடுத்தாள். இந்த மனிதரின் எழுத்தில் கோடு கிழிக்க ஒரு வாய்ப்பு கிடைக்காதா என்று அவள் இருபத்தாறு வருஷமாகக் காத்திருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. புத்தகமும் ஏமாற்றவில்லை. குன்று என்றால் அது வானை முட்டியது. ஏரி என்றால் கண்ணாடியாகப் பளபளத்தது. கோட்டை என்றால் உட்கார்ந்து கதை சொன்னது. மாநிலத்தில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் ஒரு கல்கூட அவர் கையில் அகப்படவில்லை.

‘நீர்வீழ்ச்சிகள்’ என்ற பகுதிக்கு வந்ததும் பேனா நின்றது.

பதினேழு ஊர்கள். வரிசை எழுத்துப்படியும் இல்லை, தூரப்படியும் இல்லை. முதல் ஊருக்கு எதிரே ‘முப்பத்து நான்கு மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளிப் பட்டாய்ச் சரிந்து’ என்று இருந்தது. இரண்டாவது முப்பத்தொன்று. மூன்றாவது இருபத்தொன்பதரை. அந்த அரையின்மேல் அவள் விரலை வைத்தாள். அந்த அரை மீட்டர் அவள் அளந்தது.

“இதை எங்கேர்ந்து எடுத்தீங்க?”

“உங்க பழைய ஃபைல்தான்கா. எங்க வீட்டுப் பரண்ல போட்டு வச்சிருந்தீங்களே. நூத்தி மூணு இடம்தான் தேறிச்சு. பதிப்பாளர் நூத்தி இருபதா குடுங்கன்னாரு. பரண்ல ஏறினா, பதினேழு அருவி! உயரத்தோட! குடும்பச் சொத்துதானேன்னு எடுத்துக்கிட்டேன்.”

“அதுல ‘நீர்’னு போட்டு, இடம் விட்டு, ‘வீழ்ச்சி’னு போட்டிருந்துச்சே. நீர் மட்டம் விழுந்துபோன ஊருங்களோட பட்டியல் அது.”

“புரூஃப் பார்க்கிறவர் அது ஒரே சொல், சேர்த்துத்தான் எழுதணும்னு சொன்னாரு.”

“தண்ணி கீழ போயிடுச்சுன்னு எழுதியிருக்கேன் மாப்பிள்ளை.”

“அருவின்னாலும் தண்ணி கீழதானேக்கா போகும்?”

 எழுபத்திரண்டு பக்க அறிக்கை அது. இருபது வருஷத்துக்கு முன்னால் அதை மேலதிகாரியிடம் கொடுத்தபோது அவர் புரட்டிப் பார்த்து, “கையெழுத்து முத்து முத்தா இருக்கே” என்றார். அவ்வளவுதான். ஒரு குழாய் போடவில்லை, ஒரு லாரி தண்ணீர் அனுப்பவில்லை. அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் இந்த மாப்பிள்ளைதான் என்பதும், படித்து அவர் கண்ட பலன் இதுதான் என்பதும் அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

“கையெழுத்துப் போடறேன்,” என்றாள் கடைசியில். “ஆனா இந்தப் பதினேழும் வெளிய போகணும். அந்த இடத்துல என் அட்டவணையை அப்படியே போடணும். நடுவுல இடம் விட்டு, என் பேரோட.”

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. “எல்லாத்தையும் தூக்க வேணாம்கா. முதல் ஊருக்கு ஜனங்க கூட்டம் கூட்டமா போறாங்க. நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க.”

“என்ன நல்லா இருக்காம்?”

“அருவிதான்.”

“சரி, வாங்க. ‘நேரில் சென்று’ன்னுதானே போடணும்? போயே பார்ப்போம்.”

மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். மாப்பிள்ளை தொப்பி வைத்திருந்தார். கழுத்தில் பைனாகுலர் வேறு. நாலு மணி நேரம் அவர் ஓட்டினார், நாலு மணி நேரமும் பேசினார். சின்னவள் பின்சீட்டில் தூங்கினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட தற்காப்பு அது.

ஊர் எல்லையில் ‘நீர்வீழ்ச்சிக்குச் செல்லும் வழி’ என்று பச்சைப் பலகை நின்றது. பெரியவளுக்கு அந்த ஊரில் நாலு கிணறும் ஒரு பாறைச் சரிவும் ஞாபகம் இருந்தன. நாலு கிணறும் இருந்தன. பாறையும் இருந்தது, அப்பளம் மாதிரி காய்ந்துபோய். அதன் எதிரே கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார்கள், ‘வழுக்கும், கவனம்’ என்று எழுதியிருந்தார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள்.

எதைப் பார்த்து நின்றார்கள் என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஒரு கணவன் பாறைக்கு முதுகைக் காட்டி, மனைவியை இழுத்து அணைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். “சத்தம் கேக்குதா பாரு,” என்றான் அவளிடம். அவளும் காதைத் தீட்டிக்கொண்டு, “லேசா,” என்றாள். ஒரு பெரிய மனிதர் தன் குடும்பத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: “மேல அணை கட்டி நிறுத்திட்டான். நான் சின்ன வயசுல வந்தப்ப கிட்டயே நிக்க முடியாது.” குடும்பம் ‘உச்’ கொட்டியது. இவர்களுக்கு அருவி எதற்கு? ஒரு பலகையும் ஒரு கம்பியும் போதும். நட்டுவைத்துவிட்டால் வெறும் சுவரைக்கூடக் கைகட்டி நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

“சீசன் இல்ல போலிருக்கு,” என்றார் மாப்பிள்ளை, பைனாகுலரை இறக்காமலே.

பெரியவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கிணறுகளின் பக்கம் நடந்தாள். வழியில் புதுக் கழிப்பறை வரிசை. அதன் தலைமேல் கறுப்புத் தொட்டி. பக்கத்தில் ஒரு குழாய். குழாயின் முன்னால் இருபது முப்பது குடங்கள். துடைப்பத்தை வைத்துக்கொண்டு காவலுக்கு நின்ற பெண் இவளை உற்றுப் பார்த்தாள்.

“நீங்க நாடா விட்டு அளக்க வந்த மேடம்தானே?”

“இருபது வருஷம் ஆச்சே. எப்படித் தெரியுது?”

“தண்ணிக்காக இந்த ஊருக்கு வந்தவங்க எத்தனை பேரு, மறந்துபோறதுக்கு? எழுதிட்டுப் போறேன், வந்துடும்னு சொன்னீங்க.” அவள் குரலில் கோபம்கூட இல்லை. “வரல.”

“எழுதினேன்.”

“எழுதியிருப்பீங்க. அப்புறம் யாரோ ஒரு பைத்தியக்காரன் இங்க அருவி இருக்குன்னு புஸ்தகம் போட்டான். நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். கார் காரா வர ஆரம்பிச்சுது. வந்தவங்களுக்கு கக்கூஸ்ல தண்ணி இல்லேன்னு ஒரே சண்டை. எட்டே மாசத்துல தொட்டி வந்துடுச்சு. தினம் ரெண்டு லாரி. அவங்க கழுவினது போக மிச்சம் எங்களுக்கு. குடிக்கறது, சமைக்கறது, எல்லாம் அதுலதான்.”

“அருவி எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?”

“போன வாரம் வரைக்கும் கொட்டிச்சுங்கன்னு சொல்லுவோம். அட, தவறவிட்டுட்டோமேன்னு போவாங்க. மறுபடியும் வேற வருவாங்க.” சிரித்துக்கொண்டே சொன்னவளின் பார்வை பெரியவளின் கையிலிருந்த புத்தகத்துக்கும் சிவப்புப் பேனாவுக்கும் வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. “இப்ப எதுக்கு மேடம் வந்திருக்கீங்க? அருவி இல்லேன்னு எழுதவா?”

“இல்லைதானே?”

“எங்களுக்குத் தெரியாதா இல்லைன்னு? உங்க உண்மையை வச்சுக்கிட்டு இருபது வருஷம் வாயைக் கொப்புளிச்சோமா மேடம்? எழுதிடாதீங்க.”

குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாரும் இவளையே பார்த்தார்கள். பெரியவள் காருக்குத் திரும்பி, அதன் முன்பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்தாள். முத்து முத்தான எழுபத்திரண்டு பக்கத்தால் ஆகாதது, பரண்மேல் ஏறிய ஒரு முழு மூடனால் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின்மேல் அவளுக்கு இருந்த இளக்காரம் ஒரு துளியும் குறையவில்லை. அதில் பாதியை இனித் தனக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் புதிது.

மாப்பிள்ளை பின்னாலேயே வந்தார். “அக்கா, நூத்தி மூணு இடம்னு அட்டையில போட்டா யாரு வாங்குவா?”

அவள் பேனாவைத் திறந்தாள். ‘உயரத்திலிருந்து வெள்ளிப் பட்டாய்’ போயிற்று. ‘சரிந்து’ம் அதோடு போயிற்று. ‘முப்பத்து நான்கு மீட்டர்’ நின்றது; அளவில் பிழை இல்லை. ‘நீர்வீழ்ச்சி’ என்ற சொல்லின் நடுவே பேனா முனை ஒரு கணம் தயங்கியது. பிறகு அதை அப்படியே ஒட்டியபடி விட்டுவிட்டு, அடியில் எழுதினாள்: ‘வருவோர் ஆளுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கொண்டுவரவும். மீந்ததைத் திருப்பி எடுத்துச் செல்லாமல், ஊர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகவும்.’

மாப்பிள்ளை தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். அவருக்குக் கண் அகன்றது.

“அப்ப அட்டவணை?”

“வேணாம்.”

“பதினேழும் இருக்குமா?”

“இருக்கும்.”

“அக்கா, ஒரு யோசனை. ஊத்தறவங்க நினைச்சது நடக்கும்னு ஒரு வரி சேர்த்துக்கலாமா? சும்மா ஊத்துன்னா நம்ம ஜனங்க ஊத்த மாட்டாங்க.”

பெரியவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு.

“சேர்த்துக்குங்க,” என்றாள். “பதினேழுக்கும் சேர்த்துக்குங்க.”