சுவரில் இருந்த போதகர்

சத்தியபாய் அக்கா டிரங்குப் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"எல்லாத்தையும் கொண்டு போ மக்கா. சித்தப்பா மெட்ராஸ்ல சினிமாக்காரங்களுக்குப் போட்டோ எடுத்துச் சேத்த குப்பை. வீட்டுல வச்சிருக்கதே பாவம்."

நாகர்கோவிலில் இரண்டு அறைகளில் நாங்கள் பழைய திரைப்படப் புகைப்படங்களைச் சேகரித்துப் பாதுகாக்கிறோம். குப்பை என்று யாராவது சொன்னால் எனக்கு வாயூறும். கையுறை மாட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த படங்களைப் பிரித்து உறைகளில் போட்டேன். நிமிர்ந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். சட்டகத்துக்குள் வெள்ளை அங்கி, கையில் வேதாகமம், கனிந்த கண்கள்.

"எங்க பாட்டா, அப்பாவுக்க அப்பா. போதகரா இருந்தவரு," என்றாள் அக்கா. "ஒரு போட்டோகூட இல்லியேன்னு கெடந்தோம். சித்தப்பா செத்த பொறவு இந்தப் பெட்டியிலதான் கெடச்சுது. இப்ப குடும்ப ஜெபமெல்லாம் இவருக்க முன்னாலதான்."

பாட்டாவை எனக்குத் தெரியும். எங்கள் காப்பகத்தில் அதே அங்கியோடு, ஒரு கையில் துப்பாக்கியும் மறுகையில் சிகரெட்டுமாக இருக்கிறார். ஒரு பழைய சினிமாவில் போதகர் வேடம் போட்டுத் தங்கம் கடத்துகிறவர். அந்தச் சினிமாவின் சுருள் எங்கும் மிஞ்சவில்லை. சில புகைப்படங்களும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகமும்தான் மீதி.

சுவரில் இருந்த படம் எனக்கு வேண்டும். பிரதி எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். ஆனால் ஓரத்தில் பூஞ்சை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மழைக்காலத்தில் கண்களைத் தின்றுவிடும். பாட்டாவின் படத்தை யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். அது பாட்டாவே இல்லை என்று தெரிந்தால் கொடுக்கலாம். உண்மையைச் சொல்வதுதான் நேர்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் படத்தின் மேல் ஆசை இல்லாதிருந்தால் இவ்வளவு நேர்மை வந்திருக்குமா என்று தெரியவில்லை.

போனில் துப்பாக்கிப் படத்தைக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். அவள் கணவர் ஞானசிங் அண்ணனும் எட்டிப் பார்த்தார்.

"பீடிய விடணும்னு என்னைய முழங்கால்ல நிக்க வச்சது இவனுக்க முன்னாலயா?" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி.

"நீங்க மிண்டாம இரிங்க," என்று அக்கா அவர் வாயை அடைத்தாள்.

பிறகு போனையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வீட்டுக்குள் புகுந்து பெரியவர் ஒருவரைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது எனக்கு. அப்போதும் என் கண் பூஞ்சையைத்தான் அளந்துகொண்டிருந்தது.

"கடைசியில இவன் மனந்திரும்புவானா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. பாட்டுப் புத்தகத்துல பாதிக் கதைதான். மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு போட்டிருக்கு."

"அப்ப வெள்ளித்திரையில பாக்கப்பிடாதா?"

"படமே இப்ப இல்லக்கா."

அக்கா எழுந்து சட்டகத்தைக் கழற்றினாள். நான் கையை நீட்டினேன். அவள் என்னிடம் தரவில்லை. நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு முழங்காலிட்டாள். நாங்களும் முழங்காலிட்டோம்.

"ஆண்டவரே, இந்த மனுஷன் உம்முடைய ஊழியக்காரனுக்க அங்கியப் போட்டுத் தங்கம் கடத்தினான். கதை பாதியில நிக்குது. நீர்தான் மீதியப் பாத்துக்கிடணும்."

சித்தப்பாவுக்காகவும், நடித்தவர் பிள்ளைகளுக்காகவும், ஞானசிங் அண்ணனின் பீடிக்காகவும் ஜெபம் நீண்டது. என் பெயரும் வந்தது. "உண்மை பேசின இந்தப் பிள்ளைய ஆசீர்வதியும்" என்றபோது எனக்கு முழங்கால் வலித்தது.

ஆமென் சொல்லிவிட்டு அக்கா படத்தை என் கையில் வைத்தாள்.

"அந்தச் சினிமா எங்கயாவது கெடச்சா எனக்குப் போன் போடு. நான் சென்மத்துல கொட்டகைக்குள்ள போனதில்ல. கடைசி சீன் மட்டும் பாத்துட்டு எறங்கிருவேன்."

"நான் மொதல்ல இருந்தே பாக்கணும்," என்றார் ஞானசிங் அண்ணன்.