தலைவருக்கு ஒரு நிமிட மௌனம்

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல்மாடியில் நடந்த அவசரக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: மன்றத் தலைவர் பரமேஸ்வரன், காற்றாடிக்கு நேர் கீழே, கோபத்தில் அவருக்கு வியர்க்கும் என்பதால், அவர் மனைவி ஜெயமாலா, அவருக்கு இடப்பக்கம், மடியில் முறுக்கு டப்பாவோடு, செயலாளர் ஜெயராஜ், மேசைக் கோடியில், கூட்டக் குறிப்பான மினிட் எழுதத் தயாராக, ஓவியர் உஷாராணி, கதவோரம், ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலியில், அவள் படங்களுக்கு பிரேம் போடும் லோகன், அவள் பக்கத்தில், எழுந்து ஓட வசதியாக.

மிச்சமிருந்த நாற்காலியில் இன்னொரு பரமேஸ்வரன் சாய்ந்திருந்தார். அது படம். பிரச்சினையும் அதுதான்.

உஷாராணிக்குக் கிள்ளானில் கடை. செத்தவர்களை வரைவது தொழில். கருமாதிக்குள் படம் வேண்டும் என்று அழுதுகொண்டே வருவார்கள். நிஜ மாலை வாடிப்போகும், பிளாஸ்டிக் மாலையில் தூசி அடையும் என்று, படத்தைச் சுற்றி மாலையையும் கீழே ஒரு விளக்கையும் சேர்த்தே வரையச் சொல்வார்கள். அடியில் இரண்டு வரி: தோற்றம், மறைவு.

தலைவரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு மன்றம் ஒரு படம் கேட்டது. உஷாராணி வரைந்தாள். முகம் அச்சாக வந்தது. கை நிற்கவில்லை. நெற்றியில் சந்தனம் வைத்தது, ஓரத்தில் மாலை சுற்றியது, விளக்கை ஏற்றியது. ‘தோற்றம்’ எழுதிப் பிறந்த தேதியைப் போட்டாள். ‘மறைவு’ எழுதினாள். தேதி தெரியவில்லை, கேட்டுப் போடலாம் என்று இடம் விட்டாள். பிறகு வேறொரு சாவு வந்தது, மறந்துவிட்டாள். லோகனும் அப்படியே பிரேம் போட்டான். அவன் கைக்கும் அதே பழக்கம்.

விழாவில் துணியை விலக்கினார்கள். பின்வரிசையில் ஒரு அம்மா “ஐயோ” என்று மாரில் அடித்துக்கொண்டார். அறிவிப்பாளர் படத்தைப் பார்த்ததும் வாய்ப் பழக்கத்தில், “அனைவரும் எழுந்து ஒரு நிமிட மௌனம்” என்றார். மண்டபமே எழுந்தது. மேடையில் பரமேஸ்வரனும் எழுந்து, கைகட்டி, தலைகுனிந்து நின்றார். பாதி நிமிடம் போன பிறகுதான் யாருக்கு நிற்கிறோம் என்று நிமிர்ந்து பார்த்தார்.

“மாலையக்கூட மன்னிக்கலாம் ஐயா,” என்றார் ஜெயராஜ். “அந்த மறைவுக்கு எதிர்ல இடம் விட்டிருக்கு பாருங்க. நாம எல்லாரும் காத்துக்கிட்டிருக்கற மாதிரி இருக்கு.”

“இத மினிட்ல எழுதாதய்யா!” என்று கத்தினார் தலைவர். “உஷாம்மா, ஒன்ன நம்பித்தானே குடுத்தோம்? என்ன அவ்வளவு அவசரம் ஒனக்கு?”

“தப்புதாங்கையா.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசா வரைஞ்சு குடு. மன்னிப்புக் கடிதம் ஒண்ணு, கவர்ல ஒட்டி, போஸ்ட்ல. பொதுக்கூட்டத்துல படிக்கணும். வாட்ஸ்ஆப்புல அனுப்பினா மன்றம் ஏத்துக்காது.”

“சரிங்கையா,” என்றாள். அவள் யாருக்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. செத்த வீட்டுக்காரர்களிடம் எப்படிச் சொல்வது?

ஜெயமாலா இவ்வளவு நேரமும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கு இதுவே போதும்,” என்றார். “கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் மூஞ்சிய இவ்வளவு அமைதியா நான் பார்த்ததே இல்ல. குசினியில மாட்டிக்கிறேன்.”

“ஜெயமாலா!”

“நீங்க இருங்க. ஏன் உஷா, கடைசியா உயிரோட இருக்கற ஆள எப்ப வரைஞ்ச?”

உஷாராணி யோசித்தாள். மாலைகள், விளக்குகள், சிரிக்கவே சிரிக்காத தகப்பனைச் சிரிக்கவைக்கச் சொன்ன மகன்கள், அம்மாவுக்குப் பல் வைக்கச் சொன்ன மருமகள்கள். உயிரோடு ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை. ஜெயமாலா முறுக்கு டப்பாவை நீட்டினார். எடுத்துக் கடித்தாள். ருசி தெரியவில்லை. ருசி தெரியாமல் போய் வெகுநாளாகிவிட்டது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

தூக்கம் வரவில்லை என்று போன மாதம் கிளினிக்குக்குப் போயிருந்தாள். “மனசுக்கு ரெஸ்ட் குடுங்க ஆன்டி. ஓய்வா ஒக்காந்து ஏதாச்சும் படம் வரைங்களேன்,” என்றார் டாக்டர்.

கிள்ளானுக்குத் திரும்பும்போது ஃபெடரல் ஹைவேயில் ஜாம். வேன் லோகனுடையது. அவன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். உஷாராணி அவன் முகத்தையே பார்த்தாள்.

“லோகா, ஒனக்கு எடது பக்கம்தான் எடுப்பா இருக்கு. மீசைய மட்டும் கொஞ்சம் ஏத்திக்கலாம்.”

“எதுக்குக்கா?”

அவள் கண்ணைச் சுருக்கி அவன் நெற்றியை அளந்தாள். அவனுக்கு மெதுவாக உறைத்தது.

“அக்கா! நான் இன்னும் இருக்கேன் லா!”

உஷாராணிக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து லோரிக்காரர் எட்டிப் பார்க்குமளவுக்குச் சிரித்தாள். பிறகு அது அழுகையாகிவிட்டது. கடைக்கு வந்து அழுதவர்களுக்கெல்லாம் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தவள். அவள் அழுது லோகன் பார்த்ததில்லை. பயந்துபோய் டேஷ்போர்டைத் துடைக்கும் துணியை நீட்டினான். அதிலேயே மூக்கைச் சிந்தினாள்.

“டேய், கல்யாண வீட்டுக்குப் போனா பொண்ணோட அப்பாவ பார்த்து, இவர் போனா எந்தப் போட்டோவ வரையக் குடுப்பாங்கன்னு யோசிக்கிறேன்டா. இது நல்லதில்ல.”

“நல்லதில்லதான். ஆனா தொழில் நல்லா போகுதேக்கா.”

“அதான் வியாதியே.”

கடையைத் திறந்ததும் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அனுப்புநர், பெறுநர், தேதி, மதிப்பிற்குரிய ஐயா. பொருள்: மன்னிப்பு. ‘நடந்த தவற்றுக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன்’ என்று எழுதினாள். அது உண்மை. ‘ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிய படத்தை’ என்று தொடங்கியதும் பேனா நின்றது. அவள் கை தானாக நின்று அவள் பார்த்ததில்லை.

போன் அடித்தது. சுங்கை பூலோவிலிருந்து யாரோ, விசும்பலோடு. உஷாராணி கடைசிவரை கேட்டாள். “ரொம்ப வருத்தமா இருக்குங்க,” என்றாள். பிறகு, “இப்ப என்னால முடியாதுங்க,” என்றாள். அந்தப் பக்கம் ஒரு கணம் அழுகை நின்றது. “பரவால்லக்கா, வேற ஆள் பார்க்கிறோம்,” என்றார்கள். அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை.

தொடங்கிய வரியை அடித்துவிட்டு எழுதினாள்:

‘புதிய படம் இப்போது வரைய இயலாது. கையிலுள்ள இருவரை முடித்ததும் கடையை மூடுகிறேன். எனக்கு உடம்பில் ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. அதற்குக் காய்ச்சல்போல் அளவு காட்டமுடியாது. தங்கள் படமே அத்தாட்சி. எப்போது திறப்பேன் என்று எனக்கே தெரியாது. திறந்த பிறகு தாங்கள் நேரில் வந்து என் முன் உட்கார்ந்தால் வரைகிறேன். போட்டோ வேண்டாம். பேசிக்கொண்டே இருங்கள், கத்தினாலும் பரவாயில்லை. உயிரோடு இருக்கிற ஆளை நான் பார்க்கவேண்டும்.’

லோகன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். “அப்ப என் பிரேம்?”

“கல்யாணப் போட்டோவுக்குப் போடு.”

“அவங்க பேரம் பேசுவாங்கக்கா. செத்த வீட்டுலதான் யாரும் பேசமாட்டாங்க.”

“பேசட்டும். பேசறவங்களோட கொஞ்ச நாள் இருந்து பாரு.”

கையெழுத்துப் போட்டாள். மடித்து உறையில் வைத்து, நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள். பசை கசந்தது. நன்றாகவே கசந்தது. போஸ்ட் ஆபீஸ் மூட இன்னும் நேரமிருந்தும் தெருவைக் கடந்து வேகமாக நடந்தாள். கவுண்டர் பெண் முத்திரை குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.