வரைபடத்துக்குக் கீழ்ப்படிந்த ஊர்

கிரிவோபெரெக் நகரம் 1781 ஜூன் மாதம், நட்ட நடுப்பகலில், ஆற்றின் இடக்கரையிலிருந்து வலக்கரைக்கு நடந்து போனது. அதுவரை அது வெறும் கிராமம். அதை நகரமாக்கிய ஆணையோடு வந்த வரைபடத்தில், அளவைக்காரனின் கைப்பிசகால் ஊர் வலக்கரையில் விழுந்திருந்தது. மானமுள்ள ஊராக இருந்தால் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியிருக்கும். இதுவோ, கவர்னரின் வண்டி போன பிறகு அது கிளப்பிய புழுதிக்கும் தொப்பியைக் கழற்றிய ஊர். குமாஸ்தா யெரெமெய் ஆணையை வாசித்து முடித்ததும், மரவீடுகள் மண்ணிலிருந்து தங்களைப் பிடுங்கிக்கொண்டு, பதவி வரிசை தப்பாமல், அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதிக்கக் கொதிக்க ஆற்றில் இறங்கின.

யெரெமெயின் வீடு கிளம்பும்போது அவன் மனைவி உஸ்தின்யா வாசற்படியிலிருந்து குதித்துவிட்டாள்.

"ஏறுடி. மேலிடத்து உத்தரவு."

"ஆறும் மேலேருந்துதான் வருது. அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?" என்றாள் அவள். "என் புள்ளைங்க ரெண்டும் இங்க மண்ணுக்குள்ள கெடக்கு. நான் வரல."

யெரெமெய் அழுதான். அழுவதற்குத் தடை ஏதும் ஆணையில் இல்லை. ஆனால் இறங்கவில்லை.

வரைபடத்தில் இடம்பெறாததால் குளியல் குடில் மட்டும் நகராமல் நின்றது. உஸ்தின்யா அதில் குடியேறி, மீன் பிடித்துத் தின்று, கல்லறைகளில் புல் பிடுங்கி இருபத்தாறு வருடம் வாழ்ந்தாள். வலக்கரையில் ஊர் அந்த நாளையே தன் பிறந்தநாளாக்கி விருந்து வைத்தது. ஆற்றழகை ரசிக்கவே இடம் மாறியதாகப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.

செத்தவர்கள் மட்டும் அடங்கவில்லை. வலக்கரையில் எவ்வளவு ஆழமாகப் புதைத்தாலும், மூன்றாம் நாள் சவப்பெட்டி மண்ணைவிட்டு எழுந்து, நீரோட்டத்துக்குக் குறுக்கே மிதந்து இடக்கரை சேர்ந்தது. மேயர்கூட அப்படித்தான் போனார். பதக்கங்களோடு.

1807 ஏப்ரலில், ஆற்றில் உறைந்திருந்த பனிக்கட்டி உடைந்த மறுநாள், யெரெமெயின் பெட்டி வந்தது. உஸ்தின்யா முழங்காலளவு தண்ணீரில் இறங்கிக் கயிறு போட்டு இழுத்தாள். கரையில் வைத்து, மூடியின் மேல் ஈரக்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த ஒரு தடவையாச்சும் உத்தரவில்லாம வந்தியே," என்றாள். பிள்ளைகளின் பக்கத்தில் குழி தோண்டினாள்.

இப்போது கிரிவோபெரெக்கில் யாரும் குழி வெட்டுவதில்லை. பாதிரியார் ஜெபம் முடித்துப் பெட்டியை ஆற்றில் தள்ளிவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று திரும்பிப் பார்க்காமல் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்.