ஹெரால்டின் இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்த நான்சி, புடவையைக்கூட மாற்றாமல் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினாள். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காடு மலைச்சாலை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவளுடைய வெல்டிங் பட்டறை. வாசலில் ஒரு செங்கல் லாரி பங்க்சராகி நின்றது. ஒரு நட்டு மட்டும் கழல மறுக்கிறது என்று டிரைவர்தான் போன் செய்திருந்தார்.

"நீளமா ஒரு பைப் இருந்தா குடுங்கக்கா. ஸ்பேனர்ல மாட்டி அமுக்கிப் பாக்கறேன்."

மூலையில் கிடந்த துண்டு பைப்புகளில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். டிரைவர் அதை ஸ்பேனரின் கைப்பிடியில் செருகி, உடம்பின் மொத்த எடையையும் அதன்மேல் போட்டார். டப்பென்று சத்தம் கேட்டது. நட்டு கழன்றுவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். நட்டு அசையவே இல்லை. பைப் பிளந்திருந்தது. வாயிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு, கோடு போட்டதுபோல.

நல்ல பைப் வளையும், நசுங்கும். இப்படிப் பிளக்காது. நான்சி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மறுமுனையில் அவளே சாக்பீஸால் எழுதியிருந்த எழுத்துகள் பாதி அழிந்து இருந்தன: செ. ஹெ.

சென்னியப்பன், ஹெரால்ட்.

திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர் சென்னியப்பன். ஐம்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை வாங்கி ஆசையாக வைத்திருந்தார். அதன் சேஸிஸ் முன்பக்கம் துருப்பிடித்துத் தளர்ந்து போயிருந்தது. இடப்பக்கத்தில், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் கீழ் ஆர்ம் உட்காரும் இடமே பொத்தலாகிவிட்டது. நான்சி அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, நான்கு பைப்புகளால் ஒரு சட்டம் கட்டி, ஆர்மை அதில் மாட்டிக் கொடுத்திருந்தாள். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து இன்றைக்கு ஏற்காடு போகிறார்கள். காலையில் அவள் பூசைக்குக் கிளம்பும்போது இதே பட்டறை வழியாகத்தான் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறினார் சென்னியப்பன். பக்கத்தில் அவர் மனைவி கந்தம்மாள்.

நான்சி தம்பிக்குப் போன் செய்தாள். பட்டறையில் அவளுக்குக் கூட்டாளி தோமினிக்தான்.

"அந்த ஹெரால்ட் வேலைக்கு, பத்தலைன்னா இருக்கட்டும்னு ரெண்டாவதா ஒரு பைப் வாங்கிட்டு வந்தியே, எந்தக் கடை?"

"நம்ம கடையில ஸ்டாக் இல்லைன்னாங்கக்கா. பக்கத்துக் கடையில எடுத்தேன். அதே மால்தான்னு சொன்னான். ஏன்?"

"எந்த பைப் எங்க போச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

"ரெண்டையும் ஒண்ணாத்தானே வெட்டினோம்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, போறதா இருந்தா ஏறும்போதே போயிருக்கும். நீ ஒண்ணும் கெளப்பி விடாத. நம்ம வெல்டிங் சரியில்லைன்னு நீயே போய்ச் சொன்னா அப்புறம் எவன் வருவான்?" என்றான்.

"ஏறும்போது பிரேக் போடறதில்லடா. எறங்கும்போதுதான் அந்த ஆர்ம்ல மொத்த இழுவையும் வரும்."

சென்னியப்பனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மூன்றாவது முறை அடித்து ஓய்ந்ததும் ஸ்கூட்டரில் காலடியில் பிளந்த பைப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மேலே இருந்து இறங்கும் வண்டியைப் பார்த்தபடியே ஏறினாள். பத்தாவது வளைவில் வெளிர்நிறத்தில் தாழ்வாக ஒரு கார் திரும்பியது. பக்கத்தில் வந்ததும்தான் அது வேறு கார் என்று தெரிந்தது. காரின் முன்பக்கம் திரும்பும்போது அந்தச் சட்டத்தில் எங்கே இழுவை விழும், எந்த மூலை முதலில் விடும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டது. வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை. இடப்பக்கச் சக்கரத்துக்கு நேர் பின்னால்தான் கந்தம்மாளின் கால்கள் இருக்கும்.

ஏற்காடு ஏரிக்கரையில் கார்கள் வரிசையாக நின்றன. ஹெரால்ட் மட்டும் வரிசையிலிருந்து வெளியே வந்து, இன்ஜின் ஓட, ரோட்டைப் பார்த்து நின்றது. நான்சி ஸ்கூட்டரை அதன் குறுக்கே நிறுத்தினாள்.

"அண்ணா, மலை எறங்காதீங்க. ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"என்ன அம்மிணி, இங்க?" சென்னியப்பன் சிரித்தார். "வண்டி சும்மா பறந்து வந்துச்சு. எல்லார்த்துகிட்டயும் உங்க பேரைத்தான் சொல்லிட்டிருந்தேன்."

நான்சி பைப்பை எடுத்துக் காட்டினாள். எப்படிப் பிளந்தது, ஏன் சந்தேகம் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் சிரிப்பு மறைந்தது. நான்கைந்து பேர் பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

"இந்தப் பைப்தான் என்ற வண்டியில இருக்குதா?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா? இருக்குதா, இல்லையா?"

"தெரியலைங்கண்ணா. ரெண்டு பைப்பையும் கலந்துட்டோம். வாங்கினதும் அடிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. என் தப்புதான்."

யாரோ பின்னால் மெல்லச் சிரித்தார்கள். "பொம்பளை கையில சேஸிஸைக் குடுத்தா இப்படித்தான்" என்று ஒரு குரல். சென்னியப்பனின் கழுத்து சிவந்தது.

"இத்தனை பேரு முன்னால வந்து சொல்றதுக்கு இதுதான் நேரமா? ஏறி வந்த வண்டிக்கு எறங்கத் தெரியாதா? தள்ளுங்க, மெதுவா ஓட்டிட்டுப் போயிக்கிறேன்."

கியர் போடும் சத்தம் கேட்டது. நான்சி ஸ்கூட்டரை நகர்த்தவில்லை. ஹெரால்டின் முன்பக்கத்துக்குப் போய், இரண்டு பக்கமும் இருந்த கொக்கிகளை விடுவித்தாள். அந்தக் காரில் பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டு. மொத்தமாக முன்னோக்கிச் சாயும். இழுத்துச் சாய்த்துவிட்டாள். இன்ஜினும் சக்கரங்களும் வெளியே தெரிய, கார் வாயைப் பிளந்து நின்றது. இனி அதை மூடாமல் ஓட்ட முடியாது. மூட வேண்டுமென்றால் அவளைத் தள்ளிவிட வேண்டும்.

சென்னியப்பன் இன்ஜினை அணைத்து இறங்கி வந்தார். குனிந்து சட்டத்தைப் பார்த்தார். கறுப்புப் பெயின்ட் அப்படியே இருந்தது.

"எங்க கீறல்? காட்டுங்க பாக்கலாம்."

"கண்ணுக்குத் தெரியாதுங்கண்ணா. உள்பக்கத்துலதான் தொடங்கும்."

"கண்ணுக்கும் தெரியாது. இருக்குதான்னும் தெரியாது. ஆனா வண்டி போகக் கூடாது."

"ஆமாங்க."

நான்சி நகரவில்லை. அவர் கை பானெட்டின் விளிம்பைப் பிடித்தது. அந்த நேரத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு கந்தம்மாள் இறங்கினார். முந்தானையைச் சரிசெய்தபடி கணவரைப் பார்த்தார்.

"ஏனுங், நான் பஸ்ஸுல வாரேன். நீங்க ஓட்டறதுன்னா ஓட்டிக்குங்க."

"நீ சும்மா இரு கந்தா."

"சும்மாத்தான் இருக்கறேன். இந்தப் புள்ளைக்கு இப்படி வந்து சொல்லோணும்னு என்ன தலையெழுத்து? வாயை மூடிட்டு ஊட்டுலயே இருந்திருக்கலாமுல்ல." சொல்லிவிட்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.

சென்னியப்பன் பானெட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வண்டி ஏற்றிப் போகும் லாரிக்குச் சொன்னார்.

மறுநாள் காலை, ஹெரால்ட் பட்டறையில் ஜாக்கி மேல் நின்றது. சென்னியப்பன் ஸ்டூலில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். தோமினிக் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஆர்மைக் கழற்றினான். நான்சி கிரைண்டரால் நான்கு பைப்புகளையும் அறுத்து எடுத்தாள்.

முதல் துண்டை வைஸில் இறுக்கினாள். கூம்பாகக் கடைந்த ஒரு இரும்பை அதன் வாயில் வைத்து, சம்மட்டியால் அடித்தாள். தகட்டை உருட்டிப் பைப்பாக ஒட்டிய இடம் மோசமென்றால் அங்கேயே பிளந்துவிடும். வாய் மெல்ல அகன்றது, பிளக்கவில்லை. இரண்டாவது துண்டும் அப்படியே. மூன்றாவதை வைஸில் இறுக்கினாள். பிளந்துவிடு என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அப்படி வேண்டியது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. மூன்றாவதும் தாங்கியது. நான்காவதை எட்டு முறை அடித்தாள். வாய் ஊமத்தம்பூப்போல விரிந்ததே தவிர ஒரு கீறல் இல்லை.

மோசமான பைப் மொத்தமும் மூலையில் கிடந்த துண்டுகளில்தான் இருந்திருக்கிறது. காருக்குப் போனதெல்லாம் நல்லது.

தோமினிக் வெளியே போய் நின்றுகொண்டான்.

"அப்ப நேத்து நான் எறங்கியிருக்கலாம்" என்றார் சென்னியப்பன்.

"ஆமாங்கண்ணா."

"ஒண்ணும் ஆயிருக்காது."

"ஆயிருக்காதுங்க."

அவர் எழுந்து வந்து நான்கு துண்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, விரிந்த வாயை விரலால் தடவிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான்சி காத்திருந்தாள். வண்டியைக் கோயமுத்தூரில் வேறு பட்டறைக்குக் கொண்டு போகிறேன் என்றும் சொல்லலாம்.

"மறுபடி கட்டுங்க" என்றார். "இந்தத் தடவை ஒவ்வொரு பைப்பையும் என்ற கண்ணு முன்னால அடிச்சுப் போட்டுத்தான் வெக்கோணும்."

நான்கு நாள் ஆயிற்று. தினமும் காலையில் வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். புதிதாக வந்த ஒவ்வொரு பைப்பிலும் ஒரு துண்டு வெட்டி, கூம்பை வைத்து அவரே அடித்துப் பார்த்தார். பாஸான பைப்பில் நான்சி நம்பர் குத்தி, அதை எங்கே வைக்கிறாள் என்று தாளில் வரைந்தாள். ஐந்தாம் நாள், ஆர்மை மாட்டி போல்ட்டுகளை இறுக்கியதும் அவர் சாவியை எடுத்தார்.

"கந்தம்மா இனி இதுல உக்கார மாட்டேங்கறா. நீங்க உக்காருங்க."

இடப்பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏற்காடு வரை ஏறினார்கள். மேலே போய் நிற்காமல் வண்டியைத் திருப்பினார். இறக்கத்தில் முதல் வளைவு வந்தபோது பிரேக்கை வேண்டுமென்றே சற்றுத் தாமதித்து, அழுத்திப் போட்டார். காரின் மூக்கு தாழ்ந்தது. நான்சியின் பாதங்களுக்கு முன்னால், தகரத்துக்கு அந்தப் பக்கம், அவள் கட்டிய சட்டம் பாரத்தை வாங்கியது. கிர்ரென்று ஒரு சின்ன ஒலி. டயர்தான். அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வளைவுக்காகக் காத்திருந்தாள். இரண்டு, மூன்று, நான்கு. ஏழாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. சென்னியப்பன் மறுபடி அழுத்தினார். கார் நூல் பிடித்ததுபோல நேராக நின்றது.

பட்டறை வாசலில் அவளை இறக்கிவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பயந்துட்டீங்களா அம்மிணி?"

"ஆமாங்கண்ணா."

"நானுந்தான்" என்றார். கியர் போட்டு, திருச்செங்கோடு பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனார்.