ஒட்டுக்குக் கீழே முளைத்தது

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. செடி வளர்ப்பவர்கள் செடியைப் பற்றிப் பேசினால் கேட்டுக்கொள்ளலாம். இவர்கள் உரம் போட்ட கையோடு வாழ்க்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

முதல் வரி: 'மொட்டைமாடியில் அந்த ரோஜா செக்கச்செவேலென்று...' (அடித்துவிட்டேன். அது பூக்கவே இல்லை. பூத்திருந்தால் நான் ஏன் எழுதுகிறேன்?)

2

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவர் மனைவி ஆசையாக ஓர் ஒட்டு ரோஜா வாங்கி வந்தாள். கீழே காட்டு ரோஜாவின் வேர், மேலே நல்ல ரோஜாவின் கொம்பு. இரண்டையும் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் அது காட்டுக் கொம்பு, கிள்ளிவிட வேண்டும். செடியின் பொறுப்பை மேலாளர் தானாகவே ஏற்றுக்கொண்டார். கீழேயிருந்து மதமதவென்று ஒரு கொம்பு கிளம்பியது. மேலே இருந்தது நோஞ்சானாகத் தெரிந்தது. நோஞ்சானை வெட்டினார்.

அன்று முதல் முள்ளும் இலையுமாக ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. தினமும் காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் படத்தோடு ஒரு சிந்தனை வரும்: 'ரோஜா நமக்குப் பொறுமையைக் கற்றுத்தருகிறது.' பாவம் ரோஜா. அதைத்தான் அவர் வெட்டிவிட்டாரே.

3

மனைவியை விவரம் தெரியாதவளாகத்தான் முதலில் எழுதினேன். வசதியாக இருந்தது. ஆனால் ஆசைப்பட்டு வாங்கியவளுக்கு... (வெட்டிய அன்றே தெரியும். குப்பைக் கூடையில் மொட்டோடு கிடந்த கொம்பைப் பார்த்தாள். அழுகை வந்தது.) பிறகு ஏன் சொல்லவில்லை? அன்பினால் என்று ஒரு பத்தி எழுதி, அதையும் அடித்தேன். அவர் மாடியில் இருக்கும் நேரம் வீடு நிம்மதியாக இருக்கிறது. அவ்வளவுதான்.

4

வம்பு இப்போதுதான் வருகிறது. மகளின் மாமியார் ரோஜா வளர்ப்பதில் கைதேர்ந்தவர். வாட்ஸப்பில் பொறுமை போதிக்கும் செடியை நேரில் பார்க்க வருகிறார். ஒரு பார்வை போதும், மேலாளரின் மானம் கப்பலேறிவிடும்.

"என்னங்க, அவங்க வர்றதுக்குள்ள அந்தச் செடியப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"பூக்கலைன்னு கவலைப்படுறியா? காத்திருக்கத் தெரியணும்மா. உனக்கு அது எங்க புரியும்?"

அவள் சம்பந்தியம்மாவுக்குப் பலகாரம் செய்ய அடுப்படிக்குப் போனாள்.

5

முடிவுகள். சம்பந்தியம்மா பார்த்துவிட்டு நாகரிகமாகப் பேசாமல் போய்விடுவது ஒன்று. (அப்படிப்பட்ட சம்பந்தி யார் வீட்டில் இருக்கிறார்?) மனைவி கடையில் பூ வாங்கி அந்தக் கொம்பில் கட்டி... சேச்சே.

நடந்தது இது. சம்பந்தியம்மா குனிந்து அடித்தண்டைப் பார்த்தார்.

"இது காட்டுக் கொம்பு, சம்பந்தி. நல்லத வெட்டிட்டு இத வளத்திருக்கீங்க." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீங்ககூடவா கவனிக்கல?"

மேலாளர் சிரித்தார். "அவளா? அவளுக்குச் செடியப் பத்தி என்ன தெரியும்! அவ வாங்கிட்டு வந்ததே தப்பான செடியா இருக்கும்."

அவள் வாயைத் திறந்துவிட்டாள். 'ஆமா, எனக்கு என்ன தெரியும்' என்று நான் எழுதிக் கொடுத்ததைச் சொல்ல மாட்டாளாம். உங்களிடம் வேறு வசனம் இருந்தால் கொடுங்கள். சீக்கிரம், மூன்று பேரும் வெயிலில் நிற்கிறார்கள்.