சுவரோரம் மூன்று

மூத்தவளுக்கு வேலையே அளப்பதுதான். கட்டடங்களில் மின்காந்தப் புலம் எவ்வளவு இருக்கிறது என்று கையடக்க மீட்டரை வைத்துப் பார்த்துச் சொல்லும் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக இருந்தாள். ஆஸ்பத்திரி, தொழிற்சாலை, அடுக்குமாடி என்று அவள் மீட்டர் பிடிக்காத இடமில்லை. காட்டிய எண்ணில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதியதில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவள் தங்கை நான்காவது மாடியில் சொந்தமாக வீடு வாங்கினாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். தொட்டில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து அளந்து பார்த்துவிடச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டாள்.

மூத்தவள் ஒரு சனிக்கிழமை காலை போனாள். அவளுடைய வாடகை வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் தெரியும். பிள்ளைகள் இரண்டும் சமையல் மேடையை ஒதுக்கித்தான் வீட்டுப்பாடம் எழுதும். இங்கே படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க ஜன்னலாக இருந்தது. வெளிச்சம் தரையில் கொட்டிக் கிடந்தது. அலமாரி எங்கே வரும், திரைச்சீலை என்ன நிறம் என்று தங்கை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். குத்திக்காட்டுவதற்காக எதையும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் மூத்தவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

கூடத்திலும் சமையலறையிலும் மீட்டர் அசையவே இல்லை. படுக்கையறையின் உட்சுவரில் வைத்தபோது மட்டும் எண் ஏறி மூன்றில் நின்றது. சுவருக்கு மறுபக்கம் மாடிக்கான மின்பலகை இருந்தது. ஒரு கை தூரம் விலகினால் பாதியானது. இரண்டு எட்டு தள்ளி நின்றால் ஒன்றுமில்லை. அதைப் போலப் பத்து மடங்கு இருந்த இடத்துக்கே பயமில்லை என்று எழுதிக் கொடுத்தவள் அவள்.

"எவ்வளவுக்கா?"

"மூணு."

"அது ஜாஸ்தியா?"

பதில் நாக்கு நுனியில் இருந்தது. மூத்தவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"மத்த எடத்துல எல்லாம் சைபர்தான். இங்க மட்டும் மூணு. வயித்துல புள்ளையோட இருக்க, நான் என்ன சொல்றது? நானா இருந்தா இந்த ரூம்ல படுக்க மாட்டேன்."

எண்ணில் பொய்யில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. அன்று வழக்கத்தைவிட நன்றாகவே சாப்பிட்டாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அந்த அறை பூட்டிக் கிடந்தது. சோபாவை ஓரம் கட்டிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் கூடத்தில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். தங்கைக்குக் கால் வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். வீட்டையே விற்றுவிடலாம் என்று கணவர் சொல்வதாகச் சொன்னாள். பேச வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்கக்கா மட்டும் சொல்லலைன்னா கொழந்தையை அந்தச் சுவத்துக்கிட்டயே போட்டிருப்பேன்" என்றாள். அந்த அம்மாள் மூத்தவளை மரியாதையோடு பார்த்தாள். மூத்தவள் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைக் கீழே வைத்தாள்.

வந்தவள் போனதும் மூத்தவள் சொல்லிவிட்டாள்.

"அந்த மூணு ஒண்ணுமே இல்லடி. ரெண்டு எட்டு தள்ளிப் போட்டா அதுவும் கெடையாது. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்ன?"

"அந்த ரூமைப் பாத்ததும் வயிறு எரிஞ்சுது."

தங்கை சத்தம் போடவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து வாசல் கதவைத் திறந்தாள். பிறகு, "அவர் வர்றதுக்குள்ள நீ கெளம்புக்கா" என்றாள்.

பத்து நாள் போன் இல்லை. பிறகு அம்மாதான் கூப்பிட்டுச் சொன்னாள்: சின்னவள் வேறு நிறுவனத்து ஆளை வரவழைத்து அளந்தாளாம். அவரும் அதே மூன்றைக் காட்டி, கவலையே வேண்டாம் என்றாராம். தொட்டிலை உள்ளே போட்டாயிற்றாம். வீட்டிலேயே ஆளிருக்கும்போது வெளியாள் எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. தங்கை யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று அப்போதுதான் மூத்தவளுக்குத் தெரிந்தது.

"நான்தாம்மா தப்பாச் சொன்னேன்" என்றாள். வேலையில் ஏதோ கைதவறிவிட்டது என்று அம்மா எடுத்துக்கொண்டாள். மூத்தவள் அதைத் திருத்தவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனாள். அந்த அறையில் நின்றதும் பழைய எரிச்சல் அப்படியே வந்தது. அதை இந்தத் தடவை தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. தங்கை குழந்தையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். மூக்கு உன்னை மாதிரி என்றுகூடச் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்தது. கணவரைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொன்னாளே தவிர, அக்கா குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்வரை தங்கை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.